வாசம் குடித்த குச்சிக்கரி

ஓரிக்குளத்தில் மழை பெய்வதே அபூர்வம், அந்த மழையும் கரிமூட்டம் வெந்துகொண்டிருக்கும் நாளாகப் பார்த்து வந்து கொட்டியது என்றால் அதை வானத்தின் குசும்பு என்றுதான் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல மரத்தைத் துண்டு போட்டு, கோபுரமாக அடுக்கி, செத்தையைப் போர்த்தி, மேலே ஈரமண்ணைப் பூசி, உள்ளே நெருப்பை வைத்து, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் புழுங்க விடுவதுதான் மூட்டம். அந்த மண்தோல் வெடித்துத் தண்ணீர் உள்ளே போனால் பாதி மரம் சாம்பலாகும், பாதி அரைவேக்காடாகும். அன்றைக்கு மண்தோல் வெடித்தது, தண்ணீர் உள்ளே போனது, மூட்டம் பெரிய பெருமூச்சாக ஆவியை விட்டது, ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் சாம்பலும் இல்லை, அரைவேக்காடும் இல்லை. விரல் பருமனில் குச்சிக்கரி, ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம் போலக் கணீரென்று கேட்கிற கரி, கையில் எடுத்தால் கனமே தெரியாத கரி, குவியல் குவியலாகக் கிடந்தது.

கரி ஏற்ற வந்த லாரி டிரைவர்தான் அதை உரசிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இத அடுப்புக்கு அனுப்பாதீக. டவுன்ல இத டப்பாவுல போட்டு விக்கிறாக. குடத்துல ஒரு குச்சி போட்டு வச்சா தண்ணியில உள்ள கெட்ட வாடையெல்லாம் இழுத்துக்கிரும். ஆனா மாசம் ஒருக்கா கொதிக்க வச்சுக் காயப் போடணும், கொதிச்சாத்தான் இழுத்தத விடும்."

கேட்டவர்கள் முதல் பாதியை வாங்கிக்கொண்டார்கள், பின் பாதியைக் காற்றில் விட்டார்கள். ஓரிக்குளத்தில் விறகு எரிப்பதற்கு இல்லை, கரியாக்குவதற்கு. சோறு இறக்கியதும் அடுப்புத் தணலில் தண்ணீர் தெளித்து அந்தக் கரியையும் மூட்டையில் சேர்க்கிற ஊர் அது. அங்கே போய்க் கரியை வேகவைக்க விறகு எரி என்றால் யார் எரிப்பார்கள்?

குச்சியைக் குடத்தில் போட்டார்கள். ஓடையில் மணலைத் தோண்டினால் ஊறுகிற தண்ணீர்தான் அவர்களுக்குக் குடிதண்ணீர். அதில் துரு வாடையும் அழுகிய முட்டை வாடையும் சேர்ந்து அடிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தே மூக்கு சப்பையான ஊர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். குச்சி கிடந்த தண்ணீரில் உப்பு அப்படியே இருந்தது, வாடை மட்டும் போயே போய்விட்டது. அதன் பிறகு ஓரிக்குளத்தார் தாகம் இல்லாதபோதும் குடித்தார்கள்.

கெட்ட வாடை தீர்ந்த பிறகு கரி சும்மா இருக்குமா? குடித்தவர்களின் வாசத்தை இழுக்கத் தொடங்கியது.

இதெல்லாம் நடந்தபோது பூமயில் ஊரில் இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தவள், கைக்குழந்தையோடு புருஷன் சாத்தையா பின்னால் நடந்து வந்து தெருவில் கால் வைத்தபோது, அவள் வீட்டு நாய் ஓடி வந்து அவள் காலைச் சுற்றிச் சுற்றி முகர்ந்து வாலை ஆட்டியது, பிறகு சாத்தையாவைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. சோறு போட்டு வளர்த்தவன் அவன். "எல்லா வீட்டுலயும் இதே கதைதான், நாய்க்கெல்லாம் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுக் கல்லைக் காட்டி விரட்டினான். வாசலில் நின்று, "சாத்தையா வந்திருக்கேன்" என்று தன் பேரைத் தானே சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான். ஏன் என்று கேட்டாள். "இப்ப எல்லாரும் இப்படித்தான், சொல்லாம வந்தா வீட்டுல உள்ளவக பதறிப்போறாக" என்றான்.

பூமயில் அவன் சட்டையை வாங்கி மடிக்கும்போது முகர்ந்து பார்த்தாள். வியர்வையில் நனைந்த சட்டை, கடையில் இருக்கிற புதுத்துணிக்காவது ஒரு வாசம் உண்டு, இதில் ஒன்றும் இல்லை. கட்டின புருஷன் பக்கத்தில் நிற்கிறான், கண்ணை மூடினால் அங்கே யாருமே இல்லை. சட்டையை உதறி மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

ஊர் அதற்கெல்லாம் பழகியிருந்தது. மனுஷர் எதற்குத்தான் பழக மாட்டார்கள்? கொசு கடிப்பதில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். பெண்கள் ஆளுக்கு ஒரு பவுடரைப் பூசிக்கொண்டார்கள், புருஷன்மார் அடையாளம் தெரிந்துகொள்வதற்காக. இரண்டு வீட்டில் ஒரே பவுடர் வாங்கியதால் வந்த சண்டையில் மண்டை உடைந்து, அதன் பிறகு எந்த வீட்டுக்கு எந்தப் பவுடர் என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். எறும்பு மேலே ஏறுவதில்லை, ஈ மொய்ப்பதில்லை, செத்தவர்களைக்கூட அவசரமில்லாமல் எடுத்தார்கள். நரி வந்ததுதான் யாருக்கும் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் மனுஷ வாடைக்கு ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிற நரி, இப்போது பட்டப்பகலில் தெருவில் நடந்து வந்தது, தண்ணீர்க் குடம் நிரப்புகிற பெண்களுக்கு நடுவில் புகுந்து குடித்தது, கல் எறிந்தால் மட்டும், ஓ இங்கே ஆள் இருக்கிறதா என்பது போல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. பிள்ளை வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள்.

பிள்ளை என்றால் அப்போது ஊரில் கைப்பிள்ளை இரண்டுதான். ஒன்று பூமயிலின் மகள். இன்னொன்று கடைசி வீட்டு நாகவள்ளியின் மகன், அவன் பூமயில் வருவதற்கு முன்பே போய்விட்டான். நாகவள்ளிக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவம் ஓரிக்குளத்திலேயே நடந்தது. பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணி கொடுத்ததும் குளிப்பாட்டியதும் குச்சி போட்ட தண்ணீரில்தான். பிள்ளை கொஞ்ச நாள் குடித்தது, பிறகு மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பியது, யாரோ அன்னியர் தூக்கிய மாதிரி வீறிட்டது, பாலாடையில் விட்டால் துப்பியது, தலையுச்சியில் துடிக்கிற உச்சிக்குழி உள்ளே இறங்கியது, ஒரு மத்தியானம் அழுகையும் நின்றது. தோஷம் என்றார்கள். புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நாகவள்ளி பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் சொல்லி மாளாது. பூமயில் செம்பு செம்பாகக் குடித்தாள். சில வாரத்தில் நாய் அவள் காலை முகர்ந்தது, முகர்ந்துகொண்டே பின்னால் நகர்ந்தது, மயிர் சிலிர்க்கக் குரைத்தது. அன்றைக்கே அவள் பயந்திருக்க வேண்டும், பயந்தாள், ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் பாப்பாவை எடுத்து மார்பில் வைத்தாள். பாப்பா முகத்தைத் திருப்பியது.

அது என்ன என்று ஓரிக்குளத்தில் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் கடைசி வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாப்பா தூங்கும்போது உதட்டில் பால் சொட்டு விட்டால் நாக்கு தானாக நக்கியது, விழித்தால் துப்பியது. பூமயிலுக்கு மார்பு கல்லாகக் கட்டி, ரவிக்கை நனைந்து, பால் வீணாக வயிற்றில் வழிந்தது. ஆட்காட்டி விரலால் பாப்பாவின் உச்சிக்குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடுகிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இறங்கியது போல் இருந்தது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளக் குனிந்தபோதுதான் அது நடந்தது. பாப்பா குடத்தை நோக்கிக் கழுத்தை நீட்டியது, வாயைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. பூமயில் குடத்துக்குள் கையை விட்டுக் குச்சியை எடுத்தாள். குடத்தில் போட்டபோது கனமே இல்லாத குச்சி, அம்மிக்குழவி போலக் கனத்தது. அவள் மூக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. தன் வாசம் தனக்குத் தெரியாதுதானே. பாப்பா இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. கண்ணை மூடிக்கொண்டு, உதடெல்லாம் கறுப்பாக, தாயைக் கண்ட நிம்மதியோடு கரியைச் சப்பியது. பூமயில் குச்சியை மார்போடு கட்டிப் பார்த்தாள். பாப்பா குச்சியைச் சப்பியதே தவிர மார்பைத் தொடவில்லை.

சாத்தையாவின் அக்கா இருளாயி ஆடு வளர்க்கிறவள், அவளுக்குச் சட்டென்று விளங்கியது. "வாசம் பூராவும் இதுக்குள்ள போயி உக்காந்துருக்குடி. கொதிச்சா விடும்னு அந்த டிரைவரு சொன்னாருல்ல."

"அப்ப இப்பவே கொதிக்க வைப்போம் மதினி. அடுப்பப் பத்தவைங்க" என்றாள் பூமயில்.

அதற்குள் வாசலில் ஊரே கூடிவிட்டது. எல்லார் வீட்டிலும் குச்சி இருந்தது, எல்லாருக்கும் வாசம் வேண்டியிருந்தது, ஆனால் வீட்டுக்கு வீடு தனியாக அடுப்பு மூட்ட விறகுக்கு எங்கே போவது என்று கரியிலேயே பிறந்து வளர்ந்த ஊர் கவலைப்பட்டது. கோயிலில் கிடாவெட்டுக்கு வைக்கிற அண்டாவை எடுத்து வந்து, ஒரே அடுப்பில், ஒரே விறகில், எல்லாக் குச்சியையும் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்று முடிவானது. பூமயில், "என்னுதத் தனியா ஒரு சட்டியில வச்சுக்கிறேன்" என்று கெஞ்சினாள். "உன் ஒருத்திக்குத் தனி விறகா? இந்தா, கொஞ்ச நேரந்தான்" என்று சாத்தையா அவள் கையிலிருந்து குச்சியை வாங்கி அண்டாவில் போட்டான். ஓரிக்குளத்துக்காரர்கள் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அண்டா கொதித்தது. ஊர் சுற்றி நின்றது. நாகவள்ளியும் தன் வீட்டுக் குச்சியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து, அண்டாவில் போட்டுவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். ஆவி எழும்பியது, அத்தனை பேருடைய வாசமும் அதில் கலந்து எழும்பியது, எழும்பிய வாசம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தா இறங்கும்? யார் மேல் பட்டதோ அவர் மேல் ஒட்டிக்கொண்டது.

நாய்கள் ஓடி வந்தன, வாலை ஆட்டிக்கொண்டு வேறு வேறு வீட்டு ஆட்களிடம் போய்ப் படுத்தன. சாத்தையா மேல் கோயில் பூசாரியின் விபூதி வாசம் அடித்தது, பூசாரி மேல் இருளாயியின் ஆட்டு வாசம் அடித்தது, ஆடெல்லாம் பூசாரி பின்னால் போனது. புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, புருஷன் மேல் மாமனார் வாசம் அடிக்கிறது என்று வெட்கத்தில் அழுதாள். செத்துப்போன ஒரு கிழவரின் மூக்குப்பொடி வாசம் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை மேல் வந்து உட்கார்ந்தது, அந்தப் பிள்ளையைக் கண்டு பெரியவர்கள் எழுந்து நின்றார்கள்.

பூமயிலின் இடுப்பிலிருந்த பாப்பா திமிறியது. அழவில்லை, வாயைத் திறந்துகொண்டு, கூட்டத்தின் ஓரத்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டியது. பூமயில் அந்தப் பக்கம் பார்த்தாள். நாகவள்ளி நின்றாள்.

கொடுக்க வேண்டாம் என்றுதான் பூமயிலுக்கு முதலில் தோன்றியது. தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும், இந்த ஊர் கண்ணில் படாத இடத்துக்கு ஓடிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. பிறகு அவள் விரல் தானாகப் போய் உச்சிக்குழியைத் தொட்டது. போய்ப் பிள்ளையை நீட்டினாள்.

நாகவள்ளி பிள்ளையை வாங்கி, மல்லிகைப் பூக்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, மார்பில் வைத்தாள். பாப்பா ஆவலாகக் கவ்வியது. பால் வரவில்லை. வற்றிப்போயிருந்தது. பாப்பா இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கதறியது, நாகவள்ளியும் அழுதாள், "இல்லத்தா, என்கிட்ட ஒண்ணுமில்ல, வாங்கிக்க" என்று பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தாள். அப்படிக் குனிந்தபோது அவள் மூக்கு பூமயிலின் கழுத்தில் பட்டது.

நாகவள்ளி அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி முகர்ந்தாள். "ஐயா" என்றாள், மெதுவாக. பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைக்கு அவள் வைத்திருந்த பேர் அது ஒன்றுதான். பூமயிலின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், நெஞ்சு வெடிக்க மூச்சை இழுத்தாள், அவள் மார்பிலிருந்து பால் பீறிட்டுக்கொண்டு வந்தது. பாப்பா குடித்தது. வயிறு நிறையக் குடித்துவிட்டு நாகவள்ளியின் கையிலேயே தூங்கியது.

இருளாயி மட்டும் அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். "கன்னு செத்துப்போனா வைக்கோலத் திணிச்சு, செத்த கன்னு தோலப் போத்தி மாட்டுக்கு முன்னால நிப்பாட்டுவாக. மாடு அத நக்கிக்கிட்டே பால் விடும். அந்த மாதிரில்ல இருக்கு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூமயில் கேட்டுவிட்டாள்.

அன்று முதல் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பாப்பாவுக்குப் பசித்தால் நாகவள்ளி வர வேண்டும், நாகவள்ளிக்குப் பால் சுரக்க பூமயில் பக்கத்தில் உட்கார வேண்டும். நாகவள்ளி நல்லவள், ஒரு கெட்ட வார்த்தை பேசாதவள், ஆனால் பூமயிலுக்கு அவளைக் கண்டாலே நடுங்கியது. காலில் சத்தமே இல்லாமல் வருவாள். கழுத்திலும் உச்சந்தலையிலும் முகர்வாள். தலையைக் கோதுவாள், காதுக்குப் பின்னால் துடைத்துவிடுவாள், "ஐயா, ஐயா" என்று ஆட்டுவாள். பூமயில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தன் உடம்பின் மேல் ஒரு செத்த பிள்ளை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, தன் வாசத்தை உடுத்திக்கொண்டு இன்னொருத்தி தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், உள்ளே நாம் யார், வெறும் வைக்கோலா என்று நினைப்பாள். அவளுடைய பால் யாருக்கும் இல்லாமல் வழிந்து வழிந்து குறைந்தது. பாப்பா பசியாறிய பிறகு அவள் கையில் கொடுத்தால் முகத்தைச் சுளித்தது. ஒருநாள் நாகவள்ளி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்ததற்கே பூமயில் அலறிவிட்டாள்.

ஊருக்கும் இந்தக் குழப்பம் பொறுக்கவில்லை. பூசாரி பின்னால் ஆடு போவதை எத்தனை நாள் பார்ப்பது? கூட்டம் போட்டார்கள். வற்றலாகக் காய்ந்து மறுபடி கனமில்லாமல் ஆகிவிட்ட குச்சிகளைத் திரும்பக் குடத்தில் போடுவது, எல்லாரும் குடித்து, இருக்கிற வாசத்தையெல்லாம் திரும்பக் குச்சிக்கே கொடுத்துவிடுவது, பிறகு எந்தக் குச்சியில் யார் வாசம் என்று பார்த்து, தனித்தனிச் சட்டியில் கொதிக்க வைத்து, அவரவர் வாசத்தை அவரவர் ஆவி பிடித்துக்கொள்வது. இந்தத் தடவை விறகைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாத்தையாவே தீ வைக்காமல் அடுக்கியிருந்த தன் மூட்டத்தைப் பிரித்து விறகை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ப் போட்டான். பூமயில் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "உன் வாசம் உனக்கு வந்துரும் புள்ள. பாப்பா உங்கிட்ட வந்துரும்."

பூமயில் வேறு எதையும் ஆசைப்படவில்லை. தெய்வத்திடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். குச்சி போட்ட குடத்துக்கு முன்னால் செம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம், நாகவள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"நாகவள்ளி வந்திருக்கேன்" என்று பேரைச் சொன்னாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு முகரவில்லை. "உன் ரவிக்க நனைஞ்சு கெடக்கறத தெனமும் பாக்குறேன் பூமயிலு. பெத்தவ நீ. இது எனக்கு அடுக்காது. நானே மொதல்ல குடிக்கிறேன், உன் வாசத்தத் தந்துர்றேன்."

"ஒங்க பிள்ள வாசம்?"

"அது போயிரும். நீ குடிச்சதும் குச்சிக்குள்ள போயிரும். அத நானே ஆவி பிடிச்சுக்கிட்டாலும் என் மேல உள்ள வாசம் எனக்குத் தெரியவா போகுது." நாகவள்ளி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போனது போனதுதானே." குடத்தில் செம்பை விட்டு மொண்டு, உதட்டுக்குக் கொண்டு போனாள்.

பூமயில் செம்பைப் பார்த்தாள். அதைக் குடித்தால், வாசம் குச்சிக்குள் போவதற்குச் சில வாரமாகும். அந்தச் சில வாரமும் நாகவள்ளி மேல் தாயின் வாசம் தேய்ந்துகொண்டே வரும், தன் மேலும் இருக்காது. பாப்பா முகத்தைத் திருப்பும். எங்கு வைத்தாலும் திருப்பும். பக்கத்தில் தொட்டிலில் தூங்குகிற பாப்பாவின் உச்சியில் அவள் விரலை வைத்தாள். அங்கே குழி நிரம்பி, மிருதுவாக, துள்ளிக்கொண்டிருந்தது.

பூமயில் எழுந்து செம்பைத் தட்டிவிட்டாள். செம்பு சுவரில் மோதி உருண்டது. குடத்தையும் காலால் தள்ளினாள், தண்ணீர் வீடெல்லாம் ஓடியது, குச்சி உருண்டு வந்து அவள் காலடியில் கிடந்தது. அதை மிதித்து நொறுக்கினாள், தூள் தூளாக ஆகும்வரை மிதித்தாள், குதிகால் கறுத்துப்போனது.

"குடிக்கக் கூடாது அக்கா" என்றாள். "நீங்களும் குடிக்கக் கூடாது, நானும் குடிக்க மாட்டேன். நாம ரெண்டு பேரும் ஓடைத் தண்ணியத்தான் குடிக்கணும். நாறுனா நாறட்டும்."

நாகவள்ளி புரியாமல் பார்த்தாள், பிறகு புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தத்தில் பாப்பா விழித்து அழுதது. தெருவில் வீட்டுக்கு வீடு செம்பு மொள்ளுகிற ஓசை கேட்டது. இனி ஊரில் எல்லார் வாசமும் தேயும், மறுபடி நரி வரும், கதவைச் சாத்த வேண்டும் என்று பூமயிலுக்கு நினைவு வந்தது, போய்ச் சாத்திவிட்டு வந்தாள். பாப்பாவை எடுத்து நாகவள்ளியின் மடியில் போட்டாள். தானும் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

நாகவள்ளி முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். பாப்பா அழுகையை நிறுத்திக் குடிக்கத் தொடங்கியது.

"ஐயா" என்றாள் நாகவள்ளி.

இத்தனை நாளும் அந்தப் பேருக்குப் பூமயில் வாயைத் திறந்ததில்லை. இன்றைக்கு அவள் பாப்பாவின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றாள்.